பொன்னுருவி முகம் கொடுக்காத இரவு

தமிழில் நாடகம் பார்த்து வளர்ந்த நாலு பேர் கூடினால், பார்த்ததிலேயே மறக்க முடியாதது எது என்ற பேச்சு எப்படியும் எழும். பதில் பெரும்பாலும் வயதைச் சொல்லிவிடும். மூத்தவர்கள் ஔவையாராக வந்த டி.கே. சண்முகத்தையும் நவாப் ராஜமாணிக்கத்தின் ‘தசாவதார’த்தையும் சொல்வார்கள். அடுத்து வந்தவர்களுக்கு ஆர்.எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சோவின் ‘முகமது பின் துக்ளக்’, கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’. இன்று நாற்பதுகளில் இருப்பவர்கள் ‘பொன்னியின் செல்வன்’ என்பார்கள். எல்லாமே ஆசையோடு சொல்லப்படும் பதில்கள். ஏன் என்று மட்டும் யாரும் யாரையும் மடக்கிக் கேட்பதில்லை.

கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இல்லாமல் போகிற கலை நாடகம். அதன் தரத்துக்குச் சாட்சி பார்த்தவன் மனசில் மட்டுமே இருக்கிறது. அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டால், பத்து வயதில் வாய் பிளந்து பார்த்ததும் நாற்பது வயதில் உலுக்கிப் போட்டதும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடும்.

என் விசாரணையில் இரண்டு கேள்விகள். முதலாவது: இன்று எனக்கு நினைவிருக்கும் சங்கதி மேடையில் மட்டுமே நடந்திருக்கக் கூடியதா, அல்லது புத்தகத்திலோ திரைப்படத்திலோ சேதாரமில்லாமல் கிடைத்திருக்குமா? இரண்டாவது: அது நடிகரின் கலையால் விளைந்ததா, சந்தர்ப்பத்தால் விளைந்ததா? இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லாத நாடகத்தை நான் எவ்வளவு நேசித்தாலும் முதலிடத்துக்குக் கொண்டுபோக மாட்டேன்.

இரண்டாவது கேள்வி ஏன் தேவை என்பதற்கு விஸ்வநாத தாஸின் கடைசி இரவே போதும். 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர். ‘வள்ளித் திருமணம்’ நாடகத்தில் முருகனாக மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அங்கேயே உயிர்விட்டார். புராண நாடகத்துக்குள் விடுதலைப் பாட்டைக் கொண்டுவந்து பாடியதற்காகச் சிறைக்குப் போய்ப் போய் வந்தவர் அவர். அன்று அரங்கில் இருந்த ஒருவராலும் அதைச் சாகும்வரை மறந்திருக்க முடியாது. ஆனால் அவர்களிடம் எஞ்சியது மரணத்தின் நினைவு. அவருடைய கலை என்று பார்த்தால், போலீஸ்காரர் வாசலில் நிற்கும்போது எந்த இடத்தில் எந்தப் பாட்டை எடுப்பது என்று தெரிந்து அவர் பாடிய முந்தைய இரவுகள்தான் பெரியவை. மறக்க முடியாத சம்பவம் வேறு, மறக்க முடியாத நாடகம் வேறு. இதே காரணத்துக்காகத்தான், வட மாவட்டங்களில் பாரதக் கூத்து நடக்கும்போது வரும் அர்ச்சுனன் தபசையும் போட்டியிலிருந்து எடுத்துவிடுகிறேன். வானத்தைத் தொடுவதுபோல் நட்ட தபசு மரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவதும், பிள்ளை வரம் வேண்டி ஈரத் துணியோடு கீழே காத்திருக்கும் பெண்கள் அவர் எறியும் பழத்துக்காக மடியேந்துவதும் பார்த்தவரை விடாத காட்சி. அங்கே வேலை செய்வது வழிபாட்டின் பலம். நடிகர் அதற்கு ஒரு கருவி.

இனி மனோகர். நேஷனல் தியேட்டர்ஸ் என்ற பெயரில் அவர் நடத்திய புராண நாடகங்களைச் சிறுவயதில் பார்த்த யாரும் அவரை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நானும்தான். சீதையை இராவணனின் மகளாக வைத்து ‘இலங்கேஸ்வரன்’ போட்டது அன்றைக்குத் துணிச்சலான காரியம். ஆயிரம் தடவைக்கு மேல் அது மேடையேறியது. நவாப் ராஜமாணிக்கம் வழியாக வந்த தந்திரக் காட்சிகளை மனோகர் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். இருட்டு விழுந்து வெளிச்சம் வருவதற்குள் படுதா மாறி, அரண்மனை காடாகி, புகையும் மின்னலுமாக மேடை கொந்தளிக்கும். அவர் குரல் அந்தக் கொந்தளிப்புக்கு மேலாக ஏறி நிற்கும். இன்று கண்ணை மூடினால் எனக்கு அந்தக் குரலும் அந்தப் புகையும் வருகின்றன. இராவணனின் துக்கம் வரவில்லை. மகளென்று தெரிந்தும் சொல்ல முடியாத ஒரு தகப்பனின் நிலை நாடகத்தின் உயிர்நாடியாக இருந்திருக்க வேண்டும். தந்திரக் காட்சி அதை வரவிடவில்லை. பார்வையாளன் அடுத்து என்ன மாறப்போகிறது என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். மனிதனைப் பார்க்க அவனுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. முதல் கேள்வியில் மனோகர் தேறுகிறார், ஏனென்றால் கண்ணெதிரே நடந்த மாயத்துக்குத் திரையில் மதிப்பே கிடையாது. இரண்டாவதில் பாதிதான் தேறுகிறார்.

‘முகமது பின் துக்ளக்’ பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1968இல் அரங்கேறிய அந்த நாடகத்தின் உயிர் வசனத்திலும் அன்றைய அரசியலிலும் இருந்தது. 1971இல் படமாக வந்தபோதும் அதே வசனம் அதே வேலையைச் செய்தது. படித்தாலும் சிரிக்கலாம். மேடைக்கென்று தனியாக மிஞ்சியது, அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்த சிரிப்பு. அது பெரிய விஷயம்தான், ஆனால் முதலிடத்துக்குப் போதாது.

‘தண்ணீர் தண்ணீர்’ அப்படி ஒதுக்கக் கூடியதல்ல. 1980இல் கோமல் சுவாமிநாதனின் ஸ்டேஜ் ஃப்ரெண்ட்ஸ் குழு அதை மேடையேற்றியது. மழையில்லாத கரிசல் காட்டுக் கிராமம். தப்பி வந்து அடைக்கலம் கேட்கும் வெள்ளைச்சாமி, இடம் கொடுத்த ஊருக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறான். ஊர் மனு கொடுத்துப் பார்க்கிறது, தேர்தலைப் புறக்கணிக்கிறது, கடைசியில் தானே மண்வெட்டியை எடுக்கிறது. சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. சபா நாடகம் என்றால் வரவேற்பறை, சோபா, டெலிபோன், அசட்டு மாப்பிள்ளை என்றிருந்த காலத்தில் காலிக் குடங்களை மேடைக்குக் கொண்டுவந்தது இந்த நாடகம். சென்னையில் அதைப் பார்த்தவர்கள் நாடகம் முடிந்து வீட்டுக்குப் போனால் அவர்கள் தெருக்குழாயடியிலும் இதே காலிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. முதலில் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தியது என்பதை நாடகம் பார்க்கும்போதே உணர முடிந்தது. தமிழ் நடுத்தர வர்க்கம் தன் அரங்கத்துக்குள் உட்கார்ந்து தன்னைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டைக் கேட்டுக்கொண்டது, அதற்குக் கைதட்டவும் செய்தது.

அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். சபா மேடையின் சாபக்கேடு மேலிருந்து தொங்கும் மைக். நடிகர்கள் பேச வேண்டிய நேரத்தில் அதன் அடியில் வந்து நிற்பார்கள். தாகத்தில் வறண்ட கிராமம் மைக்குக்குக் கீழே வரிசையாக நின்று, அரங்கத்தைப் பார்த்துத் தெளிவாகப் பேசும். தண்ணீர் இல்லாத உடம்பு எப்படி நடக்கும், எப்படிக் குடத்தைத் தூக்கும் என்பதை அந்த மேடை கேட்டதே இல்லை. எல்லாச் சுமையையும் வசனம் தாங்கியது. அதனால்தான் மறுவருடமே கே. பாலசந்தர் அதைப் படமாக்கியபோது, வெயிலையும் புழுதியையும் வெடித்த மண்ணையும் காமிரா காட்டியவுடன், என் மனசிலிருந்த மேடைக் காட்சிகளைப் படம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்று எனக்கு நினைவிருப்பதில் எது நாடகம், எது படம் என்று பிரிக்க முடியாத இடங்கள் உண்டு. அரங்கத்தின் அந்த மௌனம் மட்டும் சந்தேகமில்லாமல் நாடகத்துடையது. அந்த ஒன்றுக்காகவே இந்த நாடகத்தை இதுவரை சொன்னவற்றுக்கு மேலே வைக்கிறேன்.

மேஜிக் லேன்டர்ன் குழு 1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் போட்ட ‘பொன்னியின் செல்வன்’ வேறு வகைச் சாதனை. ஐந்து பாகக் கதையை ஒரே மாலைக்குள் குமரவேல் சுருக்கினார். பிரவீன் இயக்கினார். வந்தியத்தேவன் ஓடிய ஓட்டமும், படிகளிலும் மேடைத் தளங்களிலும் ஒரே சமயத்தில் பல இடங்களில் கதை நகர்ந்த வேகமும் சபா நாடகத்துக்குப் பழகிய கண்ணுக்கு விருந்து. பட்டணத்து மேடையிலும் உடம்பால் கதை சொல்லலாம் என்பதைப் பெருங்கூட்டத்துக்குக் காட்டியது அது. ஆனாலும் அங்கே வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நந்தினியையும் குந்தவையையும் ஏற்கெனவே வீட்டில் வைத்து வளர்த்தவர்கள். நடிகர் நுழைந்ததும் எழுந்த ஆரவாரத்தில் ஒரு பெரும் பங்கு கல்கிக்குச் சேர வேண்டியது. தெரிந்தவர்களை நேரில் பார்த்த சந்தோஷம் அது. நாடகம் எனக்குப் புதிதாக ஒருவரை அறிமுகம் செய்ததா என்று கேட்டால், இல்லை.

கூத்துப்பட்டறைக்கு வரும்போது விசாரணை சிக்கலாகிறது. 1977இல் ந. முத்துசாமி முன்னின்று தொடங்கிய அந்த இடத்தில் வசனத்துக்குப் பதில் நடிகனின் உடம்பும் மூச்சும் முதலில் வந்தன. பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்பதைச் சினிமா பார்ப்பவர்களும் அறிவார்கள். சின்ன அரங்கம், மைக் கிடையாது, கைக்கெட்டும் தூரத்தில் நடிகர். ஒரு மனிதன் தரையிலிருந்து எழுந்து நிற்பதற்கு எத்தனை தசைகள் வேலை செய்கின்றன என்று தமிழ் நாடகத்தில் நான் முதலில் கவனித்தது அங்கேதான். என் இரண்டு கேள்விகளுக்கும் அது தடையில்லாமல் பதில் சொல்கிறது. ஆனால் ஆட்டம் முடிந்து வெளியே வந்து, எதற்காக அந்த உடம்பு அப்படி வருந்தியது என்று யோசித்தால், பல சமயம் எனக்குப் பதில் கிடைத்ததில்லை. தேர்ச்சி மனசில் நின்றது, துயரம் நிற்கவில்லை. நாற்பது ஐம்பது பேர் பார்க்கும் அரங்கில், பார்ப்பவர்களும் எழுத்தாளர்களும் மாணவர்களுமாக இருக்கும்போது, நடிகனை எதிர்த்துத் தள்ளும் ஒரு சனக்கூட்டத்தின் அழுத்தமும் இருக்காது. இந்த அழுத்தம் எவ்வளவு முக்கியம் என்பது முத்துசாமிக்கும் தெரிந்திருந்தது. அவரைத் திருப்பிப் போட்டது புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்துதான். தன் பட்டறைக்குப் புரிசை கண்ணப்பத் தம்பிரானை அழைத்து வந்து கற்றுக்கொடுக்க வைத்ததும் அதனால்தான்.

எனவே ஊற்றுக்கே போக வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலை, காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி பிறந்தால் பாரதம் வைப்பார்கள். ஆடி வரைக்கும் ஊர் மாற்றி ஊர் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை என்று நாள் நாளாகக் கதை ஏறிக்கொண்டே வந்து, கடைசிக் கட்டத்தில் கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் வரும். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘கர்ண மோட்சம்’ பனுவலைத்தான் பெரும்பாலும் ஆடுகிறார்கள். போருக்குப் புறப்படும் கர்ணன், அவனைப் பிரிய மாட்டாத துரியோதனன், சல்லியனோடு தர்க்கம், அர்ச்சுனன் அம்பு, கிழவேதியனாக வந்து புண்ணியத்தையும் தானமாகக் கேட்கும் கிருஷ்ணன், பிள்ளையை மடியில் தூக்கிக் கிடத்தும் குந்தி. இவையெல்லாம் தமிழருக்குத் தெரிந்தவை. செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிய விடிய நான் பார்த்த ஆட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது இவை எதுவுமில்லை. பொன்னுருவி காட்சி.

போருக்குப் போகுமுன் மனைவியிடம் சொல்லிக்கொள்ள வருகிறான் கர்ணன். அவள் பார்க்க மறுக்கிறாள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட நேர்ந்த அரசகுமாரி அவள். அந்தக் கோபத்தை இத்தனை வருஷமும் உள்ளே வைத்திருந்தவள். நடு இரவு தாண்டிய நேரம். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் கர்ணன் நின்று விருத்தம் பாடி முடித்து, திரை விலகி, கட்டை கட்டிய முழு உருவமாக வருகிறான். லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும், புஜக்கட்டையும், மார்பதக்கமுமாக ஆள் இரண்டு மடங்கு அகலம். சுற்றிக் கிரிக்கி ஆடும்போது பாவாடை குடையாக விரிகிறது. எதிரே ஒரு சாதாரண மர பெஞ்சு. அதில் சேலை கட்டிய ஓர் ஆண் நடிகர், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் அரண்மனை.

அவன் பாடுகிறான். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். முகவீணை அதையே இன்னொரு தரம் இழுத்துச் சொல்கிறது. மத்தளம் அவனை ஒரு சுற்று ஆட வைத்து, பெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. பொன்னுருவி திரும்பவில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரனிடம் பேசுகிறாள், புருஷனிடம் பேசுவதில்லை. வந்திருப்பவர் யார், எந்தக் குலம், தகப்பன் பெயர் என்ன, கேட்டுச் சொல் என்கிறாள். கட்டியங்காரன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்கிறான். முதலில் கூட்டம் சிரிக்கிறது. மறுபடியும் கர்ணன் சுற்றி வருகிறான், மறுபடியும் கேள்வி. மூன்றாவது, நான்காவது சுற்றில் சிரிப்பு வற்றிவிட்டது. கர்ணனாக ஆடியவருக்கு மூச்சு வாங்குகிறது. கிரீடத்துக்குக் கீழே அரிதாரம் வியர்வையில் கோடு கோடாக இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெரிய உருவம் நொடிந்துபோய் நிற்பதும், தாளம் அதைத் திரும்ப நிமிர்த்துவதும். எனக்குப் பக்கத்தில் பாயில் சாய்ந்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்து, “இன்னாத்துக்குமா இவ்ளோ திமிரு ஒனக்கு, திரும்பிப் பாரேன்” என்று பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தே சொன்னாள். அப்போதும் பொன்னுருவி திரும்பவில்லை. அந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்தக் காட்சிக்கு எதிராக ஒரு பெரிய குற்றச்சாட்டு உண்டு. அதைப் பேசாமல் தீர்ப்பு எழுதினால் அது தீர்ப்பாகாது. கர்ணன் கடைசியில் தன் பிறப்பைச் சொல்லிவிடுகிறான். அவன் குந்தியின் மகன் என்று தெரிந்ததும் பொன்னுருவி மனம் மாறி, போக வேண்டாம் என்று காலில் விழுகிறாள். அப்படியென்றால் பனுவல் என்ன சொல்கிறது? அவன் உயர்ந்த பிறப்பென்று தெரிந்த பிறகே மரியாதைக்கு உரியவன் ஆகிறான். தேரோட்டி மகனாகவே இருந்திருந்தால் அவள் சொன்னதில் தப்பில்லை என்றாகிறது. குலப்பெருமையைக் கேள்வி கேட்பதுபோல் ஆரம்பித்துக் குலப்பெருமைக்கே கொண்டுபோய் முடிக்கும் கதை. ‘தண்ணீர் தண்ணீர்’ பனுவலில் இப்படி ஒரு கோணல் கிடையாது. எழுத்தை எழுத்தோடு வைத்துத் தட்டிப் பார்த்தால் கோமல் முன்னே நிற்பார்.

ஆனால் நான் எடைபோடுவது ஆட்டத்தை. ஆட்டத்தில் அவமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடம். மனமாற்றத்துக்குச் சில நிமிஷம். அவமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பாடி, ஆடி, உடம்பு களைக்கக் களைக்கக் காட்டிவிட்டு, மனமாற்றத்தை ஒரே பாட்டில் முடிக்கிறார்கள். பார்க்கிறவனுடைய உடம்பில் தங்குவது அந்த ஒரு மணி நேரம். நான் பார்த்த கர்ணன் இன்னொன்றும் செய்தார். பிறப்பைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை. வென்றவனின் மிடுக்கு இல்லாமல், விட்டுப் போகிறவனின் அலுப்போடு சொன்னார். அவள் காலைக் கட்டிக்கொண்டு அழும்போது அவர் அவளைப் பார்க்காமல் மத்தளக்காரரைப் பார்த்தார். தாளம் போர் நடைக்கு மாறியது. கடைசியாகக் கிடைத்த மரியாதையால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பதைப் பனுவல் சொல்லவில்லை, நடிகர் சொல்லிவிட்டார். எழுத்தின் கோணலை ஆட்டம் நிமிர்த்தியதை நான் வேறெந்தத் தமிழ் மேடையிலும் இவ்வளவு துலக்கமாகப் பார்த்ததில்லை.

இது நடந்த இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊர்த்தெருவில் பாய் விரித்து ஒரு கூட்டம், ஓரத்தில் நின்றபடி இன்னொரு கூட்டம் என்று யார் எங்கே இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தீர்மானமாகியிருந்த கிராமம் அது. கூத்தாடி என்றால் பெண் கொடுக்கத் தயங்கும் ஊர்களின் நடுவில், கூத்தாடி ஒருவர் ராஜா வேஷம் போட்டுக்கொண்டு, உன் குலம் என்ன என்ற கேள்வியை ஊரார் முன்னால் ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு நிற்கிறார். திமிரா என்று கேட்ட பாட்டி காலையில் தன் தெருவில் எப்படி நடந்துகொண்டாள் என்பது எனக்குத் தெரியாது. கூத்து ஊரை மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எவ்வளவு அசிங்கமானது என்பதை, அதைத் தினமும் கேட்கிறவர்கள் வாயாலேயே அந்த இரவு சொல்ல வைத்தது. நகரத்து அரங்கில் சாதியைப் பற்றிய நாடகம் பார்க்கும்போது எனக்கு இது நேர்ந்ததில்லை. அங்கே நாங்கள் எல்லாரும் சரியான பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நிம்மதி நுழைவுச்சீட்டோடு கிடைத்துவிடுகிறது.

நாட்டுப்புறக் கலை என்ற பரிவில் நான் பேசுகிறேனோ என்ற சந்தேகம் வாசகருக்கு வரலாம். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இதே ‘கர்ண மோட்ச’த்தை நகரத்துக் குளிர்சாதன அரங்கிலும் பார்த்திருக்கிறேன். நல்ல ஆட்டக்காரர்கள், அதே கட்டை, அதே முகவீணை, நேர்த்தியான விளக்கு. விழாக்காரர்கள் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. பொன்னுருவி காட்சி பத்து நிமிஷத்தில் முடிந்தது. கேள்வி ஒரு முறை, மறுப்பு ஒரு முறை, பிறப்பு ரகசியம், காலில் விழுதல். அவமானமும் மனமாற்றமும் சரிக்குச் சரியான எடையில் வந்து நின்றன. கதை தன் கோணலோடு அப்படியே வெளியே தெரிந்தது: உயர்குலத்தான் என்று தெரிந்தது, மனைவி வணங்கினாள். கைதட்டல் பலமாக இருந்தது. நான் கிராமத்தில் பார்த்தது அங்கே இல்லை. இத்தனைக்கும் வேஷம், பாட்டு, அடவு எதுவும் குறையவில்லை. குறைந்தது நேரம் ஒன்றுதான். அப்படியானால் கூத்தின் நீளத்தை வழக்கம் என்றோ பொழுதுபோகாத காலத்தின் மிச்சம் என்றோ ஒதுக்க முடியாது. அதன் கலை நீளத்தில்தான் இருக்கிறது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் இந்தப் பக்கமே சாய்கிறது. அரியான் நுஷ்கினின் தியேத்ர் து சொலேய் குழு 2016இல் பாரிஸை ஒட்டிய வென்சேனில் ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்தைப் போட்டது. புரிசை சம்பந்தத் தம்பிரானிடம் கற்றுக்கொண்ட அந்த நடிகர்கள் பாரதக் காட்சிகளைத் தெருக்கூத்தாகவே ஆடினார்கள். அடுத்த வருடம் நியூயார்க்குக்கும் அது போனது. நேரில் பார்க்காததால் அதை என் தராசில் ஏற்ற மாட்டேன். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: பல மணி நேரம் ஓடும் நாடகங்களுக்குப் பேர்போன குழு அது. சுருக்கிக் கொடு என்று கேட்காத மேடை ஒன்றுக்குத்தான் கூத்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

கூத்தின் பேரில் கழிக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. குழாய் ஒலிபெருக்கிகள் முகவீணையின் குரலைக் கிழிக்கின்றன. அந்த வாத்தியத்தை ஒலிபெருக்கி இல்லாமல் கேட்ட யாருக்கும் இது வயிற்றெரிச்சல். கட்டியங்காரனின் பேச்சில் பாதி கூர்மை, பாதி பெண்களை மட்டம்தட்டும் பழைய சிரிப்பு. பிந்தியதைச் சம்பிரதாயம் என்று சொல்லி நான் மன்னிக்கத் தயாரில்லை. பொன்னுருவியின் முதுகை அவ்வளவு நுட்பமாகச் செய்த ஆண் நடிகரை வணங்கிக்கொண்டே, அந்த வேஷத்துக்குப் பெண்கள் இத்தனை காலம் வரவிடப்படவில்லை என்பதையும் எழுத வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகள் ஆண் வேஷமும் சேர்த்துக் கட்டி ஆடினார்கள். பெண்ணால் முடியாது என்ற வாதத்துக்கு அதோடு இடமில்லாமல் போயிற்று. தவிரவும், எல்லா ஊரிலும் எல்லா ராத்திரியும் நான் சொன்ன உயரத்துக்குப் போவதில்லை. குரல் கட்டிய கர்ணன்களையும், கூட்டம் கலைந்ததால் ஏனோதானோவென்று முடித்த ஆட்டங்களையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவையும் கழித்த பிறகும் எடை இந்தப் பக்கமே தாழ்கிறது. என் முதல் கேள்விக்கு, அந்த ஒரு மணி நேரத்தைப் புத்தகமோ படமோ தர முடியாது. பனுவலைப் படித்தால் கோணல்தான் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு, திருவிழாவோ சாமியோ அந்தக் காட்சியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. ஒரு பெஞ்சும், இரண்டு நடிகர்களும், நடுவில் நிற்கும் கட்டியங்காரனும், வாங்கிப் பாடும் பின்பாட்டுமே அதைச் செய்தன. மனோகரிடம் இல்லாத மனிதன் இங்கே இருந்தான். கோமலின் மேடை கேட்காத உடம்பு இருந்தது. கூத்துப்பட்டறையில் நான் தேடிய துயரமும், அதை எதிர்கொள்ளும் சனமும் சேர்ந்தே இருந்தன. நான் பார்த்த மேடைகளில் முதலிடம் முழு இரவுக் ‘கர்ண மோட்ச’த்துக்கு. இரண்டாமிடம் ‘தண்ணீர் தண்ணீ’ருக்கு. அதற்கு அடுத்து கூத்துப்பட்டறை.

இந்த வரிசைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியைக் காட்டியும், காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லியும், ஒரு மணி, இரண்டு மணிக்குள் ஆட்டத்தை முடிக்கச் சொல்லும் ஊர்கள் கூடிவருகின்றன. ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னால் நான் சந்தோஷப்படுவேன்; அது இல்லாமலே தலைமுறை தலைமுறையாக ஆடிய கூத்து இது. நேரத்தைக் குறைக்கச் சொல்வதுதான் ஆபத்து. அப்படிக் குறைக்க வேண்டி வரும்போது சண்டையை யாரும் விடமாட்டார்கள், குந்தி புலம்பலையும் விடமாட்டார்கள். கத்தரி முதலில் விழுவது பொன்னுருவி மேல்தான். அவள் காட்சி பத்து நிமிஷமாகும் ஊர்களில் என் தீர்ப்பு செல்லாது. அங்கே முதலிடம் ‘தண்ணீர் தண்ணீ’ருடையது.